தலைவாசல் நிமிர்ந்துவிட்டது

மார்ச் 17, திங்கள்

போதும். ஒன்பது வருடமாக வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. கேட்க ஆள் இல்லாதபடியால் இந்த நாட்குறிப்புக் கொப்பி.

காலை ஏழரைக்கே வெயில் முதுகைச் சுட்டது. காற்று இல்லை. துறைமுகத் தண்ணீர் தகரம் மாதிரிக் கிடந்தது. சைக்கிள் முன்சில்லில் காற்றுக் குறைவு. தபாற்கந்தோர் மூலையில் இரண்டு மான்கள் குப்பைப் பையைக் கிழித்துத் தின்றுகொண்டு நின்றன. இந்த ஊரில் மானுக்கும் மரியாதை போய்விட்டது.

திங்கட்கிழமை என்றால் மின்னஞ்சல் நாள். குலேந்திரனின் கட்டிட நிறுவனத்தில் என் வேலை அதுதான். வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே வீடு கட்டுவிக்கிறவர்களுக்கு, வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று வாரத்துக்கு ஒருமுறை எழுதுவது. எழுதுவது நான். அடியில் போவது குலேந்திரனின் பெயர். (இனிமேல் கு. முழுப்பெயரையும் எழுதி மை செலவழிக்க மனமில்லை.) எட்டாம் வகுப்பில் என் கட்டுரையைப் பார்த்தெழுதிப் பரிசு வாங்கியவன். நாற்பது வருடமாகியும் அதே ஏற்பாடுதான்.

இன்று நான்கு மின்னஞ்சல். மூன்றைப் பற்றி எனக்கு வெட்கமில்லை. நான்காவது லண்டன் மனோன்மணி அம்மாவுக்கு.

நான் எழுதியது: "சென்ற வாரமும் உங்கள் காணியில் வேலை நடக்கவில்லை."

கு. திருத்தியது: "வேலைகள் திட்டமிட்டபடி முன்னேறி வருகின்றன."

நாலு சொல்லில் வீடு கட்டுகிற கெட்டிக்காரன்.

"தவம், நீ என்ன கோட்டில சாட்சியோ சொல்லுறாய்? சனம் காசு தந்து எங்களிட்ட வாறது நிம்மதிக்கு. நீ அவைக்கு நித்திரையைக் கெடுக்கிறாய்."

அனுப்பினேன். கையெழுத்து: அவனுடையது. எழுத்துப்பிழை: இல்லை. அது மட்டும் என்னுடையது.

மார்ச் 18, செவ்வாய்

ம. அம்மாவிடமிருந்து பதில். அவரைப் பற்றி ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும், பிறகு நான் எதையும் கூட்டிச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே சந்தேகம் வரக்கூடாது.

முப்பது வருடம் லண்டன் ஆஸ்பத்திரியில் தாதி. பிறந்தது இங்கே. உட்துறைமுகப் பக்கம் தகப்பன் கொடுத்த காணி, நின்றால் கடல் தெரியும். கணவருக்குப் பாரிசவாதம், வலப்பக்கம் இயங்காது, சக்கர நாற்காலி. கடைசிக் காலம் அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும் என்பது மனுசனின் ஆசை. அதற்காக ஒரு மாடியில்லாத வீடு, படியில்லாத வாசல். மின்னஞ்சல் தமிழில்தான் வரவேண்டும் என்று முதல் நாளே கேட்டுக்கொண்டவர். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து கணவருக்கு வாசிப்பாராம்.

கு. அந்தப் பதிலைக் கந்தோர் நடுவில் நின்று உரத்து வாசித்தான்.

"தம்பி குலேந்திரன், உங்கள் எழுத்தை வாசித்தால் நேரில் நின்று பார்த்த மாதிரி இருக்கிறது. என் சொந்தத் தம்பியை விட உங்களைத்தான் நம்புகிறேன்."

வாசித்துவிட்டுக் கடிதத்தைத் தன் நெஞ்சில் தட்டினான். என் பக்கம் பார்க்கவில்லை. கணக்குப் பார்க்கும் பிள்ளை மட்டும் என்னைப் பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டது.

ஆனால் கடிதத்தின் கடைசிப் பந்தியை அவன் வாசிக்கவில்லை. நான் பிறகு என் கணினியில் திறந்து வாசித்தேன். அவர்கள் இருப்பது நோயாளிகளுக்கென்று கவுன்சில் கொடுக்கும் தரைமாடி வீடு. ஆறு வருடம் காத்திருந்து கிடைத்தது. விட்டுக்கொடுத்தால் திரும்பக் கிடையாது. இந்த மாதம் 31ஆம் திகதி விட்டுக்கொடுக்கும் கடிதத்தைக் கொடுக்கப் போகிறாராம். "ஆவணியில் பால் காய்ச்சலாமோ? ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல் எழுதுங்கள். அது போதும்."

ஒரு சொல்.

மதியம் பாணும் பருப்பும்.

மார்ச் 19, புதன்

தலையிடி. மின்சாரம் இரண்டு தடவை போய் வந்தது. சைக்கிளுக்கு டியூப் வாங்கவேண்டும், மறந்துபோயிற்று.

பஸ் நிலையத்தில் ஒரு பெண் கைபேசியில்: "வந்துகொண்டிருக்கிறன் எண்டு சொல்லு. நான் இன்னும் சீலை உடுக்கேல்ல." பக்கத்தில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அது எங்கள் கந்தோர் மின்னஞ்சல்.

பொழுது போகாமல் பழைய மின்னஞ்சல்களைப் புரட்டினேன். ஒன்பது வருடத்தில் நான் பழகிக்கொண்ட பாஷை:

"இறுதிக் கட்டத்தை நெருங்கியுள்ளது" என்றால் தொடங்கியாயிற்று.

"சிறு தாமதம்" என்றால் எப்போது என்று எங்களுக்கே தெரியாது.

"காலநிலை காரணமாக" என்றால் மேசன் வேறு வேலைக்குப் போய்விட்டார். (ஒருமுறை வெயில் காலத்தில் "தொடர் மழை" என்று எழுதுவித்தான். அந்த வாடிக்கையாளர் கைபேசியில் எங்கள் ஊர் வானிலையைப் பார்த்துவிட்டு எழுதினார்: "எந்த ஊர் மழை ஐயா?" கு. அதற்கும் என்னைத்தான் ஏசினான்.)

"கவனத்தில் எடுத்துள்ளோம்" என்றால் வாசித்தோம், சிரித்தோம்.

ஒழுங்கான முன்னேற்றக் கடிதம் எழுத எவ்வளவு கஷ்டம்? ஒரு பக்கம் போதும். கெட்ட செய்தி இருந்தால் அது முதல் வரியில். பிறகு முடிந்தது என்ன, முடியாதது என்ன, ஏன். தெரியாததைத் தெரியாது என்று எழுதவேண்டும். வாசிக்கிறவர் இதை வைத்து என்ன முடிவெடுக்கப் போகிறார் என்று யோசித்து எழுதவேண்டும். மற்றதெல்லாம் மாலை மரியாதை.

இதைப் பத்துப் பேருக்குப் படிப்பிக்க என்னால் ஏலும். ஒருவருக்கு எழுத ஏலவில்லை.

மார்ச் 20, வியாழன்

காணிக்குப் போனேன். பல் டாக்குத்தரிடம் போகிறேன் என்று கு.விடம் சொல்லிவிட்டு. நானும் மின்னஞ்சல் பாஷைதான் பேசுகிறேன்.

நசீர் பாஸ் அங்கே நின்றார். கிண்ணியா ஆள், எங்கள் தலைமை மேசன். அவர் மகள்மாருக்கு ஒருகாலத்தில் நான் தமிழ் படிப்பித்தபடியால் இன்றைக்கும் எனக்கு "மாஸ்டர்". நோன்பு பிடித்துக்கொண்டு, உதடு வெடித்து, கம்பிக் கட்டுகளை எண்ணி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ம. அம்மாவின் காணியில் கிடந்த கடைசிக் கம்பியும் போகிறது. எங்கே? உப்புவெளிப் பக்கம் கு. ஒப்பந்தம் எடுத்த கடற்கரை விடுதிக்கு. வெள்ளைக்காரர் வரும் பருவத்துக்கு முதல் ஒரு பகுதியைத் திறந்துவிடவேண்டுமாம். மாசி மாதத் தொடக்கத்திலிருந்து அத்தனை வேலையாட்களும் அங்கேதான்.

காணியில் என்ன இருக்கிறது? எழுதுகிறேன்.

அத்திவாரக் கிடங்கு, மூன்று பக்கம் வெட்டியது. அதற்குள் பச்சைத் தண்ணீர். குவியலாக மணல், அதன்மேல் ஆட்டுப் புழுக்கை. நடுவில் தனியாகத் தலைவாசல் நிலை, இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை கொடுத்து. அதற்குச் சுவர் இல்லை. முன்னும் இல்லை பின்னும் இல்லை. காய்ந்த மாவிலை இன்னும் மேலே தொங்குகிறது. ஒரு கலைமான் நிலையில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றது. எங்களைக் கண்டதும் பாய்ந்து ஓடியது. சுற்றிவர வெளி கிடக்க, அந்த வாசலுக்குள்ளால்தான் ஓடியது.

"பாத்தீங்களா மாஸ்டர், குடிபூந்திட்டாரு" என்றார் நசீர்.

தை மாதம் நடந்ததை அவரே சொன்னார், எனக்குத் தெரியாதது போல. நிலை வைக்கிற நாளும் நேரமும் ம. அம்மா லண்டனில் இருந்து சாத்திரியாரிடம் கேட்டு அனுப்பியது. கணவரின் நட்சத்திரத்துக்கு அதை விட்டால் பிறகு நாள் இல்லையாம். அன்றைக்கு அத்திவாரம் போட்டு முடியவில்லை.

"முதலாளி சொன்னாரு, வாசலுக்குக் கீழ மட்டும் ஆறடிக்குக் கொங்கிறீட்டப் போடு, நிலைய நேரத்துக்கு வையி, மத்தத புறகு பாப்பம் எண்டு. நான் வச்சேன். முப்பத்தைஞ்சு வருசமா மேசன் வேல செய்யிறன் மாஸ்டர். வீட்டுக்கு வாசல் வச்சிரிக்கன். வாசலுக்கு வீடு தேடுறது இதான் முதல் தரம்."

அன்றைக்குப் படம் எடுத்தவன் நான். மஞ்சள், குங்குமம், மாலை, நிலைக்குள்ளால் தெரியும் கடல். ஓரங்கள் படத்தில் விழாதபடி கிட்டப் போய் எடுத்தேன். கு. சொல்லித்தான் எடுத்தேன். ஆனால் கீழே எழுதிய வரியை அவன் சொல்லவில்லை.

"தலைவாசல் நிமிர்ந்துவிட்டது."

அந்த வரியை எழுதிவிட்டு நான் சந்தோசப்பட்டேன். அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

புழுக்கம். மின்விசிறி சத்தம் போடுகிறது, சுற்றவில்லை.

கு.வின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஒன்பது வருடத்தில் இரண்டாவது தடவை. முதல் தடவை வேலை கேட்கப் போனபோது.

"ம. அம்மாவுக்கு என்ன பதில் எழுதுறது?" என்றேன்.

"ஓம் எண்டு எழுது."

"ஆவணிக்குள்ள ஏலாது."

"அது எனக்குத் தெரியாதோ? விடுதி வேலை முடிய புரட்டாதி ஆகும்."

"பிறகேன் ஓம்?"

கதிரையில் சாய்ந்தான். சிரித்தான். பள்ளிக்கூடத்துச் சிரிப்பு.

"மச்சான், இல்லை எண்டு எழுதினா என்ன நடக்கும்? அவ வேற ஆளிட்டக் குடுப்பா. ஓம் எண்டு எழுதினா வருவா. வந்து நிண்டா விட்டிட்டுப் போக ஏலாது. கட்டி முடிக்கத்தானே வேணும். அவவுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"வந்தா எங்க இருக்கிறது?"

"விடுதியில ஒரு அறை குடுப்பன். கடல் பார்த்த அறை. சும்மா குடுப்பன்."

"மேல்மாடியில. அந்த மனுசன் சக்கர நாற்காலி."

"நாலு பெடியளை விட்டுத் தூக்குவிப்பம்."

கிழமைக்கு எத்தனை தரம் தூக்குவாய் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவனே தொடர்ந்தான். குரல் தணிந்துவிட்டது. அந்தத் தணிந்த குரல்தான் அவனிடம் எனக்குப் பயம்.

"தவம், உன்னை ஒருத்தரும் எடுக்காத நேரம் நான் எடுத்தனான். மறந்திட்டியே?"

மறக்கவில்லை. அவனும் மறக்கவிடவில்லை. ஆண்டுக்கு இரண்டு தரமாவது நினைவூட்டுவான், தீபாவளிக்கு ஒருதரம், எனக்குக் கோபம் வருகிறபோது ஒருதரம்.

திங்கட்கிழமை அனுப்பவேண்டும் என்றான். தலையாட்டினேன். என்ன தலையாட்டு என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் 22, சனி

அரை நாள் வேலை. சந்தையில் பாரை மீன், முருங்கைக்காய். டியூப் வாங்கியாயிற்று.

பின்னேரம் குசினியில் என் மனைவி ரதியிடம் சொன்னேன். மீனை உரசிக்கொண்டே கேட்டாள்.

"அந்த மனுசி உங்களுக்கு ஆர்?"

"ஒருத்தருமில்லை."

"குலேந்திரன் அண்ணன்?"

"என்னோட படிச்சவன்."

"அப்ப நான்? உண்மை சொல்லி ஒரு வேலை போச்சுது. பொய் சொல்லி இந்த வேலை நிக்குது. நான் எதை நம்பி உலை வைக்கிறது எண்டு சொல்லுங்கோ."

அவள் சொன்னது கிணற்றுக் கதையை. சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தில் அறிக்கை எழுதும் வேலையில் இருந்தேன். கடலோரக் கிராமம் ஒன்றில் கிணறுகள் கட்டி முடித்து, படம் எடுத்து, நாடா வெட்டி, அறிக்கை கேட்டார்கள். "கிணறுகள் முடிந்தன. தண்ணீர் உப்பு. ஒருவரும் குடிப்பதில்லை" என்று எழுதிக் கீழே என் முழுப்பெயரும் போட்டுக் கொடுத்தேன். பெயர் போட்டதில் எனக்கு அவ்வளவு பெருமை. மேலதிகாரி இரண்டாவது மூன்றாவது வசனங்களை வெட்டிவிட்டு அனுப்பினான். அடுத்த மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவன் இப்போது கொழும்பில், குளிரூட்டிய அறையில். நான் பிறகு போன நாலு இடத்திலும் "ஆ, நீங்கள்தானே அந்தக் கிணற்றுக்காரர்" என்றார்கள். அப்படியே எட்டு ஒன்பது வருடம் வீட்டில், இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ரியூசன். பிறகு கு.

ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ பெரிய பொய்களோடு நிம்மதியாக இருக்கிறார்கள். நான் ஒரு சிறிய உண்மைக்கு இத்தனை வருடம் வட்டி கட்டுகிறேன்.

மீன் குழம்பு நல்லாயிருந்தது. சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மார்ச் 23, ஞாயிறு

ஒன்றும் இல்லை. சைக்கிள் துடைத்தேன். நித்திரை கொண்டேன். எழும்பியதும் முதல் யோசனை: எட்டு நாள்.

மார்ச் 24, திங்கள்

மின்னஞ்சல் நாள். மற்ற மூன்றையும் எழுதி அனுப்பினேன். ம. அம்மாவுக்கு அனுப்பவில்லை.

கு. பத்து மணிக்குக் கேட்டான். இணையம் வேலை செய்யவில்லை என்றேன். இரண்டு மணிக்குக் கேட்டான். சரியான தமிழ் வசனம் தேடுகிறேன் என்றேன்.

"ஓம் எண்டதுக்கு என்னடா வசனம்!"

கடைசியில் வெள்ளிக்கிழமை வரை தவணை தந்தான். பின்னேரம் விடுதிப் பக்கம் போய்விட்டான். இந்தக் கிழமை முழுதும் காலையில் அங்கே போய்விட்டு ஒன்பதுக்குப் பிறகுதான் கந்தோர்.

நாலு மணிக்கு ம. அம்மாவிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல். பதில் வராதபடியால் பயந்து எழுதவில்லை. நல்ல செய்தி சொல்ல எழுதியிருக்கிறார். அந்த வாசற்படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கணவரின் கட்டிலுக்கு எதிரே ஒட்டியிருக்கிறாராம், என் வரியோடு சேர்த்து. மனுசனுக்குப் பேச்சுச் சரியாக வராது. ஆனால் காலையில் எழும்பினதும் இடக்கையைத் தூக்கி அந்தப் படத்தைக் காட்டி "நிமிந்திட்டுது" என்கிறாராம். "வீட்டை விட்டுக்கொடுக்க எனக்கு இருந்த தயக்கத்தைப் போக்கியது அந்த வரிதான் தம்பி."

கு. பொய் சொன்னான் என்று இவ்வளவு நாளும் எழுதிக்கொண்டு வந்தேன். "திட்டமிட்டபடி முன்னேறி வருகின்றன" என்பதை எவர் நம்புவார்? அவனுடைய வசனங்களை நம்பி ஒருவரும் வீட்டை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அவை செத்த வசனங்கள். அவர் நம்பியது என் வசனத்தை.

நல்லாக எழுதத் தெரிந்த நாய்.

மார்ச் 25, செவ்வாய்

கணக்குப் பிள்ளை தேநீர் வைத்துவிட்டுப் போனது. ஆறிய பிறகு குடித்தேன்.

கைபேசியில் அழைத்துச் சொல்லலாமா? இலக்கம் கு.விடம் மட்டும். சொன்னாலும் அவன் பின்னாலேயே அழைத்து "அவர் கொஞ்சம் மனம் சரியில்லாத ஆள் அக்கா" என்று முடித்துவிடுவான். அவன் வாய்க்கு முன்னால் ஒரு சொல் நிற்காது. படம் வேண்டும்.

மார்ச் 26, புதன்

ஐந்து மணிக்குக் காணி. நசீர் பாஸை வரச் சொல்லியிருந்தேன். அளவு தெரிவதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கவேண்டும்.

வீதியில் நின்று ஒன்று. நாலு மூலையிலிருந்தும் நாலு. கிடங்குத் தண்ணீர் ஒன்று. நிலைக்கு நேர்பக்கமாக, இரண்டு முட்டுக்கட்டையும் விழும்படி, ஒன்று. மொத்தம் ஏழு. ஒன்றிலும் ஓரத்தை வெட்டவில்லை.

"என்ன மாஸ்டர், கொலக் கேசுக்கு எடுக்கிற மாதிரி எடுக்கிறீங்க? நான் சிரிக்கவா, வாணாமா?"

"சிரிக்கவேண்டாம் பாஸ்."

"முதலாளி என்னையும் கேப்பாரு."

"முகம் விழாம எடுக்கிறன். கால் மட்டும் விழட்டும்."

நசீர் கைகளைத் தட்டிவிட்டு நிலைக்குப் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றார்.

"முகத்தையும் எடுங்க. அந்த ஆறடியப் போட்டது என்ட கை. அது எனக்கு உறுத்திக்கிட்டே இரிக்கி. நோன்பு நாளையில வேற."

எடுத்தேன்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பைக்குள் இருந்து பேரீச்சம்பழமும் போத்தலில் நோன்புக் கஞ்சியும் எடுத்தார். வாசல்படியில், அதாவது அந்த ஆறடிக் கொங்கிறீட்டில், இரண்டு பேரும் இருந்து குடித்தோம். எதிரே துறைமுகம். கோதுமை மா ஆலைப் பக்கம் விளக்குகள் வரத் தொடங்கின. காற்று முதன்முறையாகக் கொஞ்சம் அசைந்தது. சரியான இடம்தான். அந்த மனுசன் ஆசைப்பட்டதில் பிழையில்லை.

"பேரு போடுவீங்களா மாஸ்டர்?"

"தெரியேல்ல."

"போட்டாலும் ஒண்டுதான் போடாட்டியும் ஒண்டுதான். எங்கட கந்தோருல இப்பிடி எழுதுற ஆளு வேற ஆரு? உங்கட எழுத்து உங்கட மூக்கு மாதிரி. மறைக்கேலா."

மார்ச் 27, வியாழன்

எழுதியாயிற்று. ஐந்து தடவை. முதல் தடவை மூன்று பக்கம், அதில் இரண்டு பக்கம் கு.வின் அயோக்கியத்தனம், எட்டாம் வகுப்புக் கட்டுரை வரைக்கும். ம. அம்மாவுக்கு அதனால் என்ன? வெட்டினேன். இரண்டாவதில் கிணற்றுக் கதை வந்துவிட்டது. வெட்டினேன். வெட்ட வெட்ட எனக்குள்ளே எவ்வளவு புளித்துப் போய்க் கிடந்திருக்கிறது என்று தெரிந்தது. மிஞ்சியது இது. கந்தோரில் வைத்து அழித்துவிட்டால் என்ன செய்வது என்று இங்கே ஒரு பிரதி:

"மனோன்மணி அம்மாவுக்கு,

இல்லை. வீடு ஆவணியில் முடியாது. இந்த வருடமும் முடியாது. தயவுசெய்து 31ஆம் திகதி கவுன்சிலுக்குக் கடிதம் கொடுக்கவேண்டாம்.

இன்றுவரை முடிந்தது: மூன்று பக்கம் அத்திவாரக் கிடங்கு. தலைவாசலுக்குக் கீழே மட்டும் ஆறடி கொங்கிறீட். அதன்மேல் நிலை. வேறு ஒன்றும் இல்லை. சுவர் இல்லை.

காரணம்: மாசித் தொடக்கத்திலிருந்து வேலையாட்களும் பொருட்களும் வேறொரு வேலைக்குப் போய்விட்டன. அந்த வேலை புரட்டாதி வரை போகும். பிறகு எப்போது திரும்புவார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை ஊகித்து எழுதவில்லை.

ஏழு படங்கள் இணைத்திருக்கிறேன். புதன்கிழமை எடுத்தவை. எதையும் வெட்டவில்லை. உங்களுக்கு வேறு விதமாக ஆரும் விளக்கம் சொன்னால், இந்தப் படங்களை வைத்துக்கொண்டு கேளுங்கள். முடியுமானால் உங்கள் உறவினர் ஒருவரைக் காணிக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தை மாதப் படத்துக்குக் கீழே 'தலைவாசல் நிமிர்ந்துவிட்டது' என்று எழுதியவன் நான். நிமிர்ந்தது உண்மை. அதைச் சுற்றி ஒன்றும் இல்லை என்பதை எழுதாமல் விட்டது என் பிழை. ஐயாவிடம் அந்தப் படத்தைக் கழற்றச் சொல்லி எழுத எனக்கு மனம் வரவில்லை. அது உங்கள் விருப்பம்."

ஒரு பக்கம். கெட்ட செய்தி முதல் வரியில்.

ரதி என் தோளுக்கு மேலால் வாசித்தாள். முடிந்ததும் கடைசியில் ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"ஐயாவிட்ட எண்டு இருக்கிற வரியை எடுத்துப்போடுங்கோ. அது நீங்கள் அழுகிறது. அவவுக்கு வேலையில்லாதது."

எடுத்துவிட்டேன். அவள் சொன்னது சரி. "அது உங்கள் விருப்பம்" என்பதும் அதோடு போயிற்று.

"பேர்?" என்றேன்.

"என்னைக் கேக்காதைங்கோ. நாளையான் வெள்ளிக்கிழமைக்கு மரக்கறி வாங்கவேணும்." உள்ளே போய்விட்டாள். போகும்போது விளக்கை நிறுத்தாமல் போனாள், நான் எழுதட்டும் என்று.

மார்ச் 28, வெள்ளி

ஆறரைக்கு வானம் மப்பு. மழை வராது. கத்தரிக்காய், பூசணிக்காய், ரதிக்குத் தபாற்கந்தோர் மூலையில் கற்பூரம்.

எட்டு மணிக்குக் கந்தோர். கதவுத் திறப்பு என்னிடம் ஒன்று இருக்கிறது. ஒருவரும் இன்னும் வரவில்லை. கணினி. படங்கள் ஏழும் ஏறிவிட்டன. இந்த வரிகளைக் கொப்பியை மடியில் வைத்து எழுதுகிறேன்.

கடிதத்தை ஒட்டியதும் அடியில் தானாக வந்து நின்றது: கு.வின் பெயர், பதவி, இரண்டு தொலைபேசி இலக்கம், "உங்கள் கனவு எங்கள் பொறுப்பு". அழித்தேன். ஒன்பது வருடத்தில் செய்த வேலைகளில் மிகச் சுகமான வேலை.

பிறகு என் பெயரைத் தட்டினேன். முழுப்பெயர், தகப்பன் பெயரோடு. பார்த்தேன். நல்லாயிருந்தது. ஏன் நல்லாயிருக்கிறது என்று கேட்டேன். அவர் புகழ்ந்த கடிதங்கள் எல்லாம் என்னுடையவை என்று இந்த ஒரு தடவையாவது தெரியட்டும் என்ற ஆசை. கு. நெஞ்சில் தட்டினானே, அந்தத் தட்டு எனக்கு வந்து சேரட்டும் என்ற ஆசை. வீடு இழக்கப்போகிற மனுசியிடம் போய்க் கைதட்டுக் கேட்கிறேன்.

பயமும் உண்டு. இல்லையென்று எழுதினால் இந்தக் கொப்பியும் மின்னஞ்சல் ஆகிவிடும். பெயரில்லாவிட்டாலும் பத்து மணிக்குள் கு. கண்டுபிடிப்பான். நசீர் சொன்ன மூக்கு. தேடட்டும். அவன் தேடுகிற அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு வேண்டும், கத்தரிக்காயை வீட்டில் கொடுக்கவும், ரதிக்குச் சொல்லவும்.

பெயரை அழித்துவிட்டேன். கடைசி வரி "என் பிழை." அதற்குக் கீழே வெறுமை.

அவர் கேட்டது ஓமோ இல்லையோ என்று. ஆர் என்று கேட்கவில்லை.

வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம். அவனாக இருக்காது. எட்டேகால்தான். பெயரில்லாமல் அனுப்புகிறேன்.